கும்மிப் பாட்டுக்கு வாத்தியம் எது?



போன தாளில் "உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?" என்று கேட்டிருந்தார்கள். நிறையப் பேர் சினிமாப் பாட்டை எழுதியிருந்தீர்கள். எனக்குச் சின்னப் பிள்ளையிலிருந்து பிடித்த பாட்டு, முளைப்பாரி வளர்க்கிற பத்து நாளும் எங்கள் தெருவில் ராத்திரி பாடுகிற கும்மிப் பாட்டுதான். "அதுல என்ன இருக்கு? சும்மா கையைத் தட்டிக்கிட்டுச் சுத்தி வர்றதுதானே?" என்று ஒரு தோழி கேட்டாள். அதில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்து எழுதியதுதான் இந்தக் கட்டுரை. ஒரு சைக்கிளைக் கழற்றிப் பார்க்கிற மாதிரி கழற்றியிருக்கிறேன். திரும்ப மாட்டுவது உங்கள் வேலை!

நம்ம விருதுநகர் மாவட்டத்தில் முளைப்பாரி பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அம்மன் கோயில் பொங்கல் சாட்டியதும், மண் சட்டியில் வைக்கோல், ஆட்டு எரு, மண் எல்லாம் போட்டு, ஊறவைத்த தானியத்தைத் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைப்பார்கள். பயிர் வளர வளர, தினமும் ராத்திரி பெண்கள் கூடிக் கும்மி அடிப்பார்கள். கடைசி நாள் முளைப்பாரியைத் தலையில் தூக்கிப் போய் ஊருணியிலோ கண்மாயிலோ கரைப்பார்கள். பகல் முழுக்கத் தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆபீசிலும் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் ராத்திரி வட்டத்தில் நிற்கிறவர்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. தாளம் – தகிட, தகிட

சினிமாவில் எத்தனையோ பாட்டை நாலு நாலாக எண்ணலாம்: த-க-தி-மி. கும்மியை அப்படி எண்ணிப் பாருங்கள், ஒட்டாது. கும்மி மூணு மூணாக நடக்கும்: த-கி-ட, த-கி-ட. சங்கீதம் படித்தவர்கள் இதைத் திசிர நடை என்று சொல்வார்கள். நாலு என்பது நேராக நடக்கிற நடை. மூணு என்பது சாய்ந்து ஆடுகிற நடை. ஊஞ்சல் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து திரும்பி வரும். குனிந்து தட்டி நிமிர்ந்து தட்டுகிற ஆட்டத்துக்கு இந்த மூணுதான் பொருந்தும்.

ஒவ்வொரு தகிடவுக்கும் ஒரு கைத்தட்டு. அவ்வளவுதான் தாளக் கணக்கு. ஆனால் இதற்குள்ளே ஒரு ரகசியம் இருக்கிறது.

2. ஏழு சொல்லும் எட்டுத் தட்டும்

பழைய பாட்டை இங்கே எழுதவில்லை. அது சாமிக்கு முன்னால் பாடுகிறது, அங்கேயே இருக்கட்டும். இந்தக் கட்டுரைக்காக நானே இரண்டு அடி கட்டியிருக்கிறேன். பிழை இருந்தால் தமிழ் ஆசிரியர் பொறுத்துக்கொள்ளட்டும்!

பச்சை முளைப்பாரி சுத்தி வளைச்சுப்
பதறாமக் கைதட்டி ஆடுங்கடி
உச்சி வெயிலில் உழைச்ச களைப்பெல்லாம்
ஓடிடச் சத்தமாப் பாடுங்கடி

எழுதும்போது இரண்டு இரண்டாக மடித்து எழுதினாலும் பாடும்போது இது இரண்டே அடிதான். இப்போது முதல் அடியில் சொற்களை எண்ணுங்கள். பச்சை (1), முளைப்பாரி (2), சுத்தி (3), வளைச்சுப் (4), பதறாமக் (5), கைதட்டி (6), ஆடுங்கடி (7). மொத்தம் ஏழு. இரண்டாவது அடியையும் எண்ணுங்கள். அதிலும் ஏழு.

இப்போது கையைத் தட்டிக்கொண்டே பாடுங்கள். எத்தனை தட்டு வருகிறது? எட்டு! ஏழு சொல்லுக்கு எட்டுத் தட்டு. ஏழாவது சொல்லின் வால் மட்டும் "டீ..." என்று எட்டாவது தட்டுக்குள் கொஞ்சம் நீளும். அப்புறம் அந்த இடம் காலி. சொல் இல்லை, தட்டு மட்டும் இருக்கிறது. சில பாட்டில் அந்தக் காலி இடத்தில் "அடி", "நம்ம", "தாயே" என்று ஒரு சின்னச் சொல் வந்து உட்கார்ந்து அடுத்த அடிக்குக் கை கொடுக்கும்.

இந்தக் காலி இடம் எதற்கு? அப்பத்தாவிடம் கேட்டேன்.

"ஏன் அப்பத்தா, கடைசித் தட்டுல மட்டும் பாடாம சும்மா இருக்க?"

"அப்பதான தாயி மூச்சு விட முடியும். அடுத்த அடியும் அங்கனக்குள்ளதான் ஞாபகத்துக்கு வரும்."

இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரு மணி நேரம் ஆடிக்கொண்டே பாட வேண்டும் என்றால் மூச்சுக்கு இடம் வேண்டும். அந்த இடத்தைப் பாட்டு கட்டினவர்கள் முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, ஒவ்வொரு அடியிலும் மூச்சுக்கு ஒரு சீட்!

3. இலக்கண வகுப்பும் கும்மியும்

அலகிடச் சொன்னால் நமக்கெல்லாம் தூக்கம் வரும். ஆனால் மேலே உள்ள அடியை அலகிட்டுப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்று படித்தோமே, அந்த வெண்டளைதான் இங்கேயும் ஓடுகிறது. பச்சை என்பது மா, அடுத்து நிரையில் தொடங்கும் முளைப்பாரி. முளைப்பாரி என்பது காய், அடுத்து நேரில் தொடங்கும் சுத்தி. திருக்குறளுக்கு எந்தத் தளையோ அதே தளைதான் கும்மிக்கும்.

"பள்ளிக்கூடமே போகாத கிழவிக்கு வெண்டளை எப்படித் தெரியும்?" என்று கேட்கலாம். அவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. தளை தட்டினால் கைத்தட்டு தடுமாறும், அது மட்டும் தெரியும். உடனே சொல்லை மாற்றிவிடுவார்கள். நாம் வாய்ப்பாட்டில் கண்டுபிடிப்பதை அவர்கள் உள்ளங்கையில் கண்டுபிடிக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. பச்சை – பதறாம: முதல் சொல்லும் ஐந்தாவது சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்குகிறது, மோனை. பச்சை – உச்சி: இரண்டு அடியிலும் இரண்டாம் எழுத்து ஒன்று, எதுகை. ஆடுங்கடி – பாடுங்கடி: கடைசி ஒத்து வருகிறது, இயைபு. இதெல்லாம் அழகுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். எழுதி வைக்காத பாட்டுக்கு இவைதான் ஆணி. "பச்சை" என்று எடுத்தால் ஐந்தாவது இடத்தில் "ப" தானாக வந்து நிற்கும். பாதி மறந்தாலும் மீதியைப் பிடித்துவிடலாம்.

இந்த மெட்டின் பலம் தெரிந்துதான், பக்கத்து எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்த பாரதியார் பெண்கள் விடுதலைக்குக் கும்மி பாடினார். பெண்கள் வாயில் ஏற்கெனவே இருந்த மெட்டில் புதுச் செய்தியை ஏற்றிவிட்டார். அதே மாதிரி சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் பாடிய காவடிச் சிந்தும், காவடி தூக்கி ஆடுகிறவர்களின் கால் நடையிலிருந்து வந்ததுதான். இரண்டு பேருமே நம்ம சுற்றுவட்டாரக்காரர்கள் என்பதில் நமக்குப் பெருமை இருக்கலாமே!

4. மெட்டு – அஞ்சாறு சுரம் போதும்

எங்கள் தெருக் கும்மி மெட்டு ஒன்றை ஒரு அண்ணனின் கீபோர்டில் வாசித்துப் பார்த்தோம். மொத்தமே ஐந்து கட்டைதான் தேவைப்பட்டது. ஸ, ரி, க, ம, ப. அப்புறம் கீழே இறங்கும்போது ஒரு நி. அவ்வளவுதான். கச்சேரியில் பாடுகிறவர் மேலே உச்சம், கீழே மந்தரம் என்று இரண்டு மூன்று ஸ்தாயி ஏறி இறங்குவார். கும்மி அப்படி ஏறாது. ஏன்?

வட்டத்தில் பத்து வயசுப் பிள்ளையும் நிற்கும், எழுபது வயசு ஆச்சியும் நிற்பார். எல்லோர் தொண்டைக்கும் பொதுவாக எட்டுகிற உயரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குள் கட்டிய மெட்டைத்தான் எல்லோரும் சேர்ந்து பாட முடியும். கர்நாடக சங்கீதத்திலும் நவரோஜ், குறிஞ்சி என்று ராகங்கள் இருக்கின்றன. தாலாட்டுக்கும் ஊஞ்சல் பாட்டுக்கும் இவைதான் அதிகம் வரும். இவையும் குறுகிய எல்லைக்குள்ளேயே சுற்றி வருகிற ராகங்கள்தான். ஆனந்த பைரவி, செஞ்சுருட்டி, புன்னாகவராளி போன்ற ராகங்களிலும் கிராமத்து மெட்டின் வாசனை அடிக்கும்.

மெட்டு போகிற பாதையையும் கவனியுங்கள். முதல் நாலு சொல்லுக்கு மேலே ஏறும். அடுத்த மூணு சொல்லுக்குக் கீழே இறங்கி, தொடங்கிய ஸ-வுக்கே வந்து உட்காரும். கேள்வி கேட்டுப் பதில் சொல்கிற மாதிரி இருக்கும். வீட்டுக்குத் திரும்பி வருகிற மாதிரி ஒவ்வொரு அடியும் முடிவதால்தான் எவ்வளவு நேரம் கேட்டாலும் அலுப்பதில்லை.

5. முன்பாட்டும் பின்பாட்டும்

ஒருவர் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள், அல்லது "தன்னானே தானன்னே" என்று பின்பாட்டு எடுப்பார்கள். இதனால் பாட்டே தெரியாதவர்கூட முதல் நாளே வட்டத்தில் சேர்ந்துவிடலாம். யாரையும் "உனக்குத் தெரியாது, போ" என்று விரட்ட வேண்டியதில்லை. பாட்டு தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே வட்டத்தில் நிற்பதற்கான ஏற்பாடு இது.

வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் முன்பாட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது. மெதுவாகத் தொடங்குவார். கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டுவார். வயசானவர்களுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்தால் குலவை போடச் சொல்லி நிறுத்திவிடுவார். குலவை என்பது நாக்கை வேகமாக ஆட்டி உச்சக் குரலில் எழுப்புகிற ஒலி. பாட்டுக்கு முற்றுப்புள்ளி அதுதான்.

6. வாத்தியம் எது?

தலைப்பில் கேட்ட கேள்விக்கு வந்துவிட்டோம். ஊர்வலத்துக்கு நாயனம், தவில், உறுமி எல்லாம் வரும். கும்மிக்கு எதுவும் வேண்டாம், கைதான் வாத்தியம். அந்தக் கையிலேயே இரண்டு வாத்தியம் இருக்கிறது. விரல்களை நீட்டித் தட்டையாகத் தட்டினால் "டப்" என்று கூர்மையான ஓசை. உள்ளங்கையைக் குழித்துத் தட்டினால் "பொத்" என்று கனமான ஓசை. குழிக்குள் அகப்பட்ட காற்று அதிர்வதால் ஓசை தாழ்கிறது. வில்லுப்பாட்டில் குடத்து வாயில் மட்டையால் தட்டினால் "பும்" என்று வருகிறதே, அதே விஞ்ஞானம்தான். குனிந்து தட்டும்போது பொத், நிமிர்ந்து தட்டும்போது டப். மிருதங்கத்தின் இரண்டு பக்கம் மாதிரி.

அப்புறம் வட்டம். வட்டத்தில் நிற்பது சாமியைச் சுற்றுவதற்கு மட்டுமல்ல. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 10 மீட்டர் அகலமுள்ள வட்டத்தில் எதிரே நிற்பவரின் தட்டு நம் காதுக்கு வர 0.03 நொடிதான் ஆகும். வித்தியாசமே தெரியாது. இதே கூட்டம் 100 மீட்டர் நீளத்துக்கு வரிசையாக நின்றால் கடைசியில் நிற்பவருக்கு 0.3 நொடி தாமதமாகக் கேட்கும். தாளம் கலைந்துவிடும். வட்டத்தில் ஒருவர் கையை மற்றவர் பார்க்கவும் முடிகிறது. ஆக வட்டமும் ஒரு வாத்தியம்தான்!

7. இப்போது என்ன நடக்கிறது?

நண்பர்களே, இதுவரை பாட்டைக் கழற்றிப் பார்த்தோம். இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

பொங்கல் நேரத்தில் தெருவுக்குத் தெரு மைக் செட். கம்பத்துக்குக் கம்பம் குழாய் ரேடியோ, பெரிய பெரிய பாக்ஸ். சத்தம் கூடினால்தான் திருவிழா என்று ஆகிவிட்டது. எனக்கும் சினிமாப் பாட்டு பிடிக்கும். 1976-ல் "அன்னக்கிளி" படத்தின் மூலம் இளையராஜா வந்து கிராமத்து மெட்டை உலகமே கேட்க வைத்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மைக் செட் பாட்டில் காலி இடம் கிடையாது. மூச்சு விடுகிற எட்டாவது தட்டையும் டிரம்ஸ் வந்து நிரப்பிவிடும். அதன் வேகத்தை யாரும் குறைக்க முடியாது. ஆச்சிக்கு மூச்சு வாங்குகிறது என்று ஸ்பீக்கருக்குத் தெரியாதே! பக்கத்தில் நிற்பவர் கைத்தட்டே காதில் விழாதபோது வட்டம் தானாகக் கலைகிறது. போன பொங்கலுக்கு எங்கள் தெருவில் பத்து ராத்திரியில் நாலு ராத்திரிதான் கும்மி நடந்தது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. முன்பாட்டு–பின்பாட்டு முறையால் எல்லோரும் பாட முடிகிறது என்று சொன்னேன் அல்லவா? அதே முறையால்தான் முழுப் பாட்டும் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. மற்றவர்களுக்குப் பின்பாட்டு மட்டும்தான் தெரியும். எங்கள் தெருவில் முன்பாட்டு எடுக்கிறவர் ஒரே ஒரு அத்தை. எத்தனை பாட்டு தெரியும் என்று கேட்டு எண்ணினேன், பதினாலு. அம்மாவுக்கு அதில் மூணு முழுசாகத் தெரியும். எனக்கு ஒன்று. பதினாலு, மூணு, ஒன்று. இந்தக் கணக்குக்கு அடுத்த எண் என்ன என்று கணக்கு வாத்தியாரைக் கேட்க வேண்டியதில்லை.

சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடி கருப்பாயி அம்மாவை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். வானொலியில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடியவர். 1985-ல் வந்த "ஆண்பாவம்" படத்தில் நடித்தவர். 2025-ல் காலமாகிவிட்டார். அவர் பாடி ஒலிப்பதிவு ஆனவை நமக்கு மிச்சம். பதிவாகாதவை அவரோடு போயின. நம்ம ராஜபாளையத்தில் பிறந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அம்மா, தன் கணவரோடு ஊர் ஊராகப் போய் இப்படிப்பட்ட பாட்டுகளைத் திரட்டி மேடையேற்றினார். அதற்காக 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். திரட்டினதால்தான் அந்தப் பாட்டெல்லாம் பிழைத்தது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் கிராமத்துப் பாட்டைக் "கன்ட்ரி மியூசிக்" என்பார்கள். 1927-ல் பிரிஸ்டல் என்ற சின்ன ஊரில் ஒரு கம்பெனிக்காரர் ஒலிப்பதிவு எந்திரத்தோடு வந்து இறங்கி, மலை கிராமங்களில் இருந்து வந்தவர்களைப் பாட வைத்துப் பதிவு செய்தார். அப்படிப் பாட வந்ததில் ஒன்று கார்ட்டர் குடும்பம். அதில் ஏ.பி. கார்ட்டர் என்பவர் பிற்பாடு ஊர் ஊராக அலைந்து பழைய பாட்டுகளைத் திரட்டினார். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகியும் அந்தப் பாட்டெல்லாம் கேட்கக் கிடைக்கிறது. அவர்களுக்கு எந்திரத்தோடு ஒருவர் வர வேண்டியிருந்தது. நமக்கு வேண்டாம். ஒலிப்பதிவு எந்திரம் வீட்டுக்கு வீடு போனிலேயே இருக்கிறது!

8. நாம் செய்யக்கூடியது

ஒன்று: உங்கள் தெருவில் முன்பாட்டு எடுக்கிறவர் யார் என்று கேளுங்கள். அம்மாச்சியோ, பெரியம்மாவோ, அடுத்த வீட்டு ஆச்சியோ, யாராக இருந்தாலும் அனுமதி கேட்டுப் போனில் பதிவு செய்யுங்கள். ஆபீஸ் விட்டு வந்து அவர்கள் காபி குடித்து முடிக்கட்டும், அப்புறம் கேளுங்கள். களைப்பாக இருக்கும்போது கேட்டால் திட்டுதான் விழும்!

இரண்டு: பாட்டை மட்டும் தனியாகப் பாடச் சொல்லாதீர்கள். கையைத் தட்டிக்கொண்டே பாடச் சொல்லுங்கள். கை தட்டாமல் பாடினால் பாதி அடி ஞாபகத்துக்கு வராது. அத்தையிடம் நான் பார்த்தது இது. உட்கார வைத்துக் கேட்டபோது ஒன்பது பாட்டுதான் வந்தது. எழுந்து நின்று தட்டத் தொடங்கியதும் மீதி ஐந்தும் வந்துவிட்டது.

மூன்று: நோட்டில் எழுதும்போது ஏழு சொல்லையும் எழுதி, எட்டாவது இடத்தில் ஒரு சின்ன வட்டம் போடுங்கள். அந்த வட்டத்தையும் சேர்த்து எழுதினால்தான் அது கும்மி. இல்லாவிட்டால் வெறும் செய்யுள்.

நான்கு: ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, முளைப்பாரி நாட்களில் ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் மைக் செட்டை நிறுத்தச் சொல்லலாம். ஒரே ஒரு மணி நேரம். அதற்கு யாரும் கோபப்பட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

செய்து பாருங்கள்: இடைவேளையில் எட்டுப் பேர் வட்டமாக நில்லுங்கள். மேலே உள்ள இரண்டு அடியையும் எட்டாவது தட்டோடு பாடுங்கள். அடுத்து, எட்டாவது தட்டை விட்டுவிட்டு ஏழோடு ஏழாக இடைவெளி இல்லாமல் ஓட்டிப் பாடுங்கள். எத்தனை சுற்றில் மூச்சு முட்டுகிறது, யார் முதலில் சிரித்து நிறுத்துகிறார் என்று பாருங்கள். வெற்றிடத்தின் அருமை புரிந்துவிடும்!

"தெருக் கும்மி" என்று அட்டையில் எழுதிய ஒரு நீளநோட்டு, இந்தச் சுவர் இதழுக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. அத்தை பாடிய பதினாலு பாட்டையும் அவர் சம்மதத்தோடு முதல் பக்கங்களில் எழுதிவிட்டேன். பதினைந்தாவது பாட்டுக்கான பக்கம் காலியாக இருக்கிறது. உங்கள் தெருப் பாட்டு அதில் வரட்டும். பேனாவும் நூலில் கட்டியிருக்கிறது, யாரும் கழற்றிக்கொண்டு போக வேண்டாம்!

– 11-ஆம் வகுப்பு மாணவி, ஆலங்குளம்